எக்செல் ஷீட்ட டேபிள்ல ஏத்த டிபீவர் எப்படி? அண்ணாச்சி கடை பாக்கி லிஸ்ட்ட வச்சு ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், நான் பெரிய டேட்டாபேஸ் ஆளெல்லாம் இல்ல. விருதுநகர் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் பண்ற கடைகளுக்கு பில்லு, ஸ்டாக்கு, பாக்கி கணக்குன்னு சின்னச் சின்ன சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்துட்டு, அது மக்கர் பண்ணுனா பைக்க எடுத்துட்டு ஓடுற ஆளு. இந்த வேலைல ப்ரோகிராம் எழுதுறது கூட பெரிய விஷயம் இல்லங்க, கடைக்காரர் அஞ்சாறு வருசமா எக்செல்ல போட்டு வச்சிருக்குறத டேட்டாபேஸ் டேபிளுக்குள்ள கொண்டு வர்றது தான் உயிர் போற வேலை. அதுக்கு இப்ப நான் டிபீவர் (DBeaver) கம்யூனிட்டி எடிசன்னு டேட்டாபேஸ திறந்து பாக்குற ஒரு சாஃப்ட்வேர் தான் வச்சிருக்கேன். காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ் லினக்ஸ் மேக் எதுலயும் ஓடும், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட்டுன்னு எல்லா டேட்டாபேஸோடயும் பேசும். அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஏன் நாலு, அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு சொல்லணும்னா அண்ணாச்சி கடை கதைய சொல்லணும்.

அண்ணாச்சி கடைல ரெண்டு ஷீட்டு. ஒண்ணு பாக்கி நிக்கிற பில்லு லிஸ்ட்டு, சுமார் 11,400 வரி, பில் நம்பர், தேதி, பார்ட்டி பேரு, ஊரு, மொபைல், தொகை, வரவு, பாக்கி. இன்னொண்ணு சரக்கு லிஸ்ட்டு, பார்கோடு, ஹெச்எஸ்என் கோடு (ஜிஎஸ்டிக்கு சரக்க வகை பிரிக்கிற எண்ணு), ரேட்டு. பாக்க ரொம்ப ஒழுங்கா தான் இருந்துச்சு. மேல கடை பேரு பெருசா நாலு காலத்த (column) மெர்ஜ் பண்ணி, அதுக்குக் கீழ தலைப்பு ரெண்டு வரி, மாசக் கடைசில "மொத்தம்"னு ஒரு வரி, ஒரே பார்ட்டிக்கு அஞ்சு பில்லு இருந்தா முதல் வரில மட்டும் பேர போட்டுட்டு கீழ நாலும் காலி. மனுசன் கண்ணுக்கு இது அழகு. டேபிளுக்கு இது விஷம். டேபிளப் பொறுத்தவரைக்கும் ஒவ்வொரு வரியும் தன் கால்ல நிக்கணும், மேல இருக்குற வரியப் பாத்து "ஓ இது சாத்தூர் பார்ட்டியா"ன்னு புரிஞ்சுக்கிற புத்தி அதுக்கு இல்ல.

சரி, காலி பேரெல்லாம் நிரப்பி, மொத்தம் வரிய தூக்கி, சிஎஸ்வியா (காலத்த கமா வச்சுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைலு) சேவ் பண்ணி, நேரா மைஎஸ்க்யூஎல்ல, ஃபைல மொத்தமா டேபிள்ல ஏத்துற லோட் டேட்டா லோக்கல் இன்ஃபைல் கமாண்ட் போட்டேன். இத ஓட விடுறதுக்கே ஒரு தனி சடங்கு இருக்கு, மைஎஸ்க்யூஎல் 8ல லோக்கல் இன்ஃபைல் செட்டிங் சர்வர்ல ஆஃப்ல தான் வரும், நம்ம தான் ஆன் பண்ணணும், இந்தப் பக்கம் க்ளையண்ட்லயும் பண்ணணும். பண்ணேன். கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள 11,400 வரியும் உள்ள. நான் காலரத் தூக்கி விட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டேன்.

மறுநாள் காலைல அண்ணாச்சி ஃபோன். "தம்பி, சாத்தூர் பார்ட்டி நமக்கு 1 ரூபா தான் தரணுமாமே?"

போய்ப் பாத்தா பாக்கி மொத்தமும் நாசம். அவரு எக்செல்ல தொகைய நம்ம ஊரு முறைல கமா போட்டு 1,25,000ன்னு வச்சிருந்தாரு. எக்செல் சிஎஸ்வியா சேவ் பண்றப்ப உள்ள இருக்குற நிஜ எண்ண எழுதாது, திரைல என்ன தெரியுதோ அத தான் எழுதும், அதனால கமாவோட, சுத்தி இரட்டை மேற்கோள் குறியோட போச்சு. மைஎஸ்க்யூஎல் அந்த எழுத்த டெசிமலா மாத்த பாத்து முதல் கமா வரைக்கும் படிச்சுட்டு, 1ன்னு எடுத்துக்கிட்டு, மிச்சத்த விட்டுடுச்சு. 45,500 வந்து 45 ஆச்சு. ஆயிரத்துக்குக் கீழ இருக்குற 850, 920 எல்லாம் கமா இல்லாததால சரியா ஏறிடுச்சு. ஆக மொத்தம் சில்லறை பாக்கி வச்ச பெட்டிக்கடைக்காரன் எல்லாம் பெரிய கடன்காரன் ஆயிட்டான், லட்சக்கணக்குல வச்சவன் 1 ரூபா 2 ரூபாயோட யோக்கியன் ஆயிட்டான்.

இதுல தப்பு மைஎஸ்க்யூஎல்லோடது இல்ல, என்னோடது. 5.7ல இருந்து ஸ்ட்ரிக்ட் மோடு தான் டிஃபால்ட், சாதாரண இன்சர்ட்ல இப்படிப்பட்ட மதிப்பு வந்தா முடியாதுன்னு திருப்பி அனுப்பிடும். ஆனா லோட் டேட்டால லோக்கல்னு போட்டுட்டா எர்ரர் எல்லாம் வார்னிங்கா மாறிடும், ஏன்னா ஃபைல் நம்ம பக்கம் இருந்து போயிட்டு இருக்கு, பாதில நிறுத்துன்னு சொல்ல சர்வருக்கு வழி இல்ல. டாக்குமெண்டேசன்ல தெளிவா எழுதி வச்சிருக்கான். கடைசி வரில வார்னிங்ஸ்னு பக்கத்துல ஆயிரக்கணக்குல ஒரு எண்ணு நின்னுச்சு, நான் வரி எண்ணிக்கைய மட்டும் பாத்தேன், அத பாக்கல. ஷோ வார்னிங்ஸ் அடிச்சிருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம் தான் டிபீவரோட இம்போர்ட் விசார்ட ஒழுங்கா உக்காந்து பாத்தேன். முன்னாடியே இருந்துச்சு என் லேப்டாப்ல, சும்மா க்வெரி ஓட்ட மட்டும் வச்சிருந்தேன். டேபிள் மேல ரைட் க்ளிக், இம்போர்ட் டேட்டா, சிஎஸ்வி, ஃபைல தேர்ந்தெடு. அடுத்த பக்கத்துல என்கோடிங் (ஃபைல்ல எழுத்த எந்த முறைல பதிஞ்சிருக்கு) என்ன, காலத்த பிரிக்கிறது கமாவா டேபா அரைப்புள்ளியா, தலைப்பு வரி இருக்கா, மேற்கோள் குறி எது, காலியா இருந்தா நல்னு (NULL, மதிப்பே இல்லன்னு அர்த்தம்) எடுத்துக்கணுமா வெறும் காலி எழுத்தா எடுத்துக்கணுமா, எல்லாம் கேக்கும். இந்தக் கடைசிக் கேள்விய நிறைய பேரு கண்டுக்க மாட்டாங்க. மொபைல் நம்பர் இல்லாத 600 பார்ட்டிக்கும் வெறும் காலி எழுத்து ஏறிச்சுன்னு வைங்க, அப்புறம் மொபைல் மேல யூனிக் கீ (ஒரே மதிப்பு ரெண்டு தடவை வரக் கூடாதுங்கிற கட்டுப்பாடு) போடப் போனா 600 பேரும் ஒரே ஆளுன்னு சண்டைக்கு வரும். நல்னு ஏத்திட்டா அந்தச் சண்டை இல்ல, மைஎஸ்க்யூஎல் யூனிக் கீல எத்தன நல் வந்தாலும் விடும்.

அப்புறம் வர்ற மேப்பிங் பக்கம் தான் எனக்குப் பிடிச்சது. இடது பக்கம் ஷீட்டோட காலம், வலது பக்கம் டேபிளோட காலம், எது எதுக்குள்ள போகுதுன்னு கண்ணு முன்னாடி. வேண்டாதத ஸ்கிப் பண்ணலாம். ப்ரிவ்யூ பாக்கலாம், முழுங்குறதுக்கு முன்னாடி வாய்ல என்ன இருக்குன்னு காட்டுது. லோட் டேட்டா கமாண்ட்ல இந்த சௌகரியம் இல்ல, அது ஒரே முழுங்கு.

ஆனா ஒண்ணு. டேபிளே இல்லன்னா அதுவே புதுசா ஒண்ணு உருவாக்கித் தரும், அப்ப ஒவ்வொரு காலத்துக்கும் டைப் என்னன்னு ஃபைலோட கொஞ்ச வரிகளப் பாத்து யூகிக்கும். அந்த யூகத்த நம்பிராதீங்க. யூகம் யூகம் தான், முதல் கொஞ்ச வரில பில் நம்பர் எல்லாம் வெறும் எண்ணா இருந்து 9,000மாவது வரில ஒரு "412-ஏ" வந்து நிக்கும். அதனால நான் இப்ப பண்றது என்னன்னா, எந்த ஷீட்டா இருந்தாலும் நேரா நிஜ டேபிளுக்குள்ள விடுறதே இல்ல. முதல்ல ஒரு தற்காலிக டேபிள், நாங்க திண்ணை டேபிள்னு பேரு வச்சிருக்கோம், எல்லா காலமும் வார்கேர் 255 (255 எழுத்து வரைக்கும் எது வந்தாலும் எழுத்தாவே வாங்கிக்கும்), கூட தானா ஏறுற ஒரு ஆட்டோ இன்கிரிமெண்ட் வரி எண். சிஎஸ்வில இருக்குறது அப்படியே, அழுக்கு குப்பையோட, வந்து திண்ணைல உக்காரட்டும். கால் கழுவிட்டு தான் வீட்டுக்குள்ள. வெளியூர் ஆளுங்க இத ஸ்டேஜிங் டேபிள்னு சொல்லுவாங்க.

திண்ணைல வச்சுப் பாக்குறப்ப தான் ஷீட்டோட சாயம் வெளுக்குது. தொகை காலத்துல எண்ணும் புள்ளியும் தவிர வேற என்ன இருக்குன்னு ஒரு ரெகுலர் எக்ஸ்பிரசன் (எழுத்தோட அமைப்ப வச்சுத் தேடுற முறை) போட்டு தேடுனேன், கமா வச்சது போக, 4500/-ன்னு ஸ்லாஷ் போட்டு கோடு இழுத்தது, ரூபாய் குறி போட்டது, "இல்லை"ன்னு எழுதுனது, ஒரு இடத்துல 1250+300ன்னு கூட இருந்துச்சு, சமன் குறி போடாததால எக்செல் அத கூட்டாம எழுத்தாவே விட்டுருக்கு. கமாவ ரீப்ளேஸ்ல தூக்கி, காஸ்ட் பண்ணி (எழுத்த எண்ணா மாத்தி) நிஜ டேபிளுக்கு இன்சர்ட் செலக்ட் போட்டா, இப்ப ஸ்ட்ரிக்ட் மோடு வேலை செய்யுது, ஒண்ணு தப்பா இருந்தாலும் தப்பான டெசிமல் மதிப்புன்னு சொல்லி அந்த மதிப்பையே எடுத்துக் காட்டி நிறுத்திடும். அப்படி நிறுத்துறப்பல்லாம் எரிச்சலா தான் இருக்கும், ஆனா அந்த 1 ரூபா ஃபோன் காலுக்கு இது எவ்வளவோ பரவால்ல.

சில பேரு பக்கத்துல ஒரு ஸ்பேஸ், ட்ரிம் போட்டும் போகல. மணிக்கணக்குல மண்டைய உடைச்சதுக்கு அப்புறம் ஒவ்வொரு எழுத்தோட உள் கோடையும் காட்டுற ஹெக்ஸ் போட்டுப் பாத்தா அது சாதாரண ஸ்பேஸ் இல்ல, வெப்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டுறப்ப வர்ற பிரியாத ஸ்பேஸ். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு தான். எக்செல் ட்ரிம்மும் அத தொடாது, மைஎஸ்க்யூஎல் ட்ரிம்மும் தொடாது, தனியா ரீப்ளேஸ் தான்.

சரக்கு ஷீட்டு கதை வேற. பருப்புக்கு ஹெச்எஸ்என் 0713, மிளகா வத்தலுக்கு 0904, மஞ்சளுக்கு 0910. எக்செல்ல அடிச்ச உடனே முன்னாடி இருக்குற சைபர் காணாமப் போயிடும், 713, 904, 910. மளிகைல பாதி சரக்கு சைபர்ல தான் ஆரம்பிக்குது. இது பரவால்ல, நாலு இலக்கம்னு தெரியும், எல்பேட் போட்டு சைபர சேத்துக்கலாம். பார்கோடுல தான் வயிறு எரிஞ்சிச்சு. நம்ம நாட்டு சரக்குக்கு 890ல ஆரம்பிக்கிற 13 இலக்கம், எக்செல்ல ஜெனரல் செல்லுல 12 இலக்கமோ அதுக்கு மேலயோ போட்டா 8.90106 ஈ பிளஸ் 12ன்னு விஞ்ஞானி மாதிரி காட்டும். செல்லுக்குள்ள நிஜ எண்ணு பத்திரமா இருக்கு, ஆனா நான் முன்னாடி சொன்ன மாதிரி சிஎஸ்விக்குப் போறது திரைல தெரியிறது தான், ஆக 2,000 சரக்குக்கும் ஒரே மாதிரி பார்கோடு. மூல ஃபைல வச்சிருந்தா தப்பிச்சீங்க, சிஎஸ்விய மட்டும் அனுப்பிட்டு எக்செல்ல அழிச்சிருந்தா முடிஞ்சு. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் நம்பருக்கும் இதே கதி. 15 இலக்கத்துக்கு மேல போற பேங்க் அக்கவுண்ட் நம்பர்னா மூல ஃபைல்லயே கடைசி இலக்கமெல்லாம் சைபரா மாறியிருக்கும், அத யாராலயும் மீட்க முடியாது, பாஸ்புக்க பாத்து திரும்ப அடிக்க வேண்டியது தான்.

இதுக்கு எனக்குக் கிடைச்ச சுலப வழி லிப்ரே ஆபிஸ் கால்க். ஃபைல அதுல திறந்து சிஎஸ்வியா சேவ் பண்ணா ஒரு சின்னப் பெட்டி வரும், என்கோடிங் என்ன, எது வச்சு பிரிக்கணும்னு கேட்டுட்டு, "செல்லுல தெரியிற மாதிரியே சேவ் பண்ணு"ன்னு ஒரு டிக் போட்டு நிக்கும். அந்த டிக்க எடுத்துருங்க. 13 இலக்கமும் முழுசா வரும், 1,25,000ங்கிறது 125000ன்னு கமா இல்லாம வரும். இந்த ஒரு டிக்க தெரிஞ்சிருந்தா அண்ணாச்சி ஃபோனே வந்திருக்காது. டிபீவருக்கு ரிவ்யூ எழுத வந்துட்டு கால்க்க புகழ்ந்துட்டு இருக்கேன், ஆனா உண்மை அது தான், இம்போர்ட்டோட பாதி வேலை எக்ஸ்போர்ட்லயே முடிஞ்சிருது.

தேதி. இத நினைச்சா இன்னும் கொட்டாவி வருது, ரெண்டு ராத்திரி தூங்கல. அண்ணாச்சி மகன் லேப்டாப்ல ஊரு செட்டிங் அமெரிக்கா, கடை கம்ப்யூட்டர்ல இந்தியா. பையன் அவன் லேப்டாப்ல 05/03/2024ன்னு மார்ச் 5ஆம் தேதி பில்ல அடிச்சிருக்கான், எக்செல் அத மே 3ன்னு புரிஞ்சுக்கிச்சு. 25/03/2024ன்னு அடிச்சப்ப 25ஆவது மாசம் ஏதுன்னு அத தேதியாவே எடுத்துக்காம எழுத்தா விட்டுருச்சு. அந்த ஃபைல கடை கம்ப்யூட்டர்ல திறந்து சிஎஸ்வி எடுத்தா ஒண்ணு 03-05-2024ன்னு ஹைபனோட வருது, இன்னொண்ணு 25/03/2024ன்னு ஸ்லாஷோட வருது. ஷீட்ட பாத்தே கண்டுபிடிக்கலாம், தேதியா புரிஞ்சுக்கிட்டது செல்லோட வலது ஓரமா ஒட்டி நிக்கும், எழுத்தா விட்டது இடது ஓரம். ஒரே காலத்துல சிலது வலது சிலது இடதுன்னு பல்லு போன சீப்பு மாதிரி இருந்தா உஷாராயிருங்க.

ஸ்லாஷ் வச்சது எல்லாம் சரியான தேதி, ஹைபன் வச்சது எல்லாம் தலைகீழ்னு சந்தோசமா முடிவு பண்ணேன். இல்ல. கடை கம்ப்யூட்டர்ல நேரா அடிச்ச பில்லும் ஹைபன்ல தான் வருது, அது சரியான தேதி. எது பையன் அடிச்சது எது கணக்கப்பிள்ளை அடிச்சதுன்னு ஷீட்டுல எங்கயும் இல்ல. கடைசில கை குடுத்தது பில் நம்பர். நம்பர் ஏறுவரிசைல போகுது, அப்ப தேதியும் பின்னாடி போகக் கூடாதுல்ல. மைஎஸ்க்யூஎல் 8ல விண்டோ ஃபங்சன் இருக்கு, லேக்னு போட்டு முந்தின பில்லோட தேதியப் பக்கத்துல கொண்டு வந்து, எங்கெல்லாம் தேதி பின்னால போகுது, எங்கெல்லாம் திடீர்னு ரெண்டு மாசம் முன்னால குதிக்குதுன்னு எடுத்தேன். 312 பில்லு சிக்கிச்சு. அதுல நாளையும் மாசத்தையும் மாத்திப் போட்டா வரிசைல சரியா உக்காருதா பாத்து, உக்காந்தத மட்டும் மாத்துனேன், மிச்சம் 9 பில்லுக்கு அண்ணாச்சி பழைய சிட்டைய எடுத்துக் குடுத்தாரு.

நடுவுல கொஞ்சம் செல்லுல தேதிக்குப் பதிலா 45383ன்னு ஒரு எண்ணு. அது 2024 ஏப்ரல் 1. எக்செல் தேதிய நாள் எண்ணிக்கையா தான் உள்ள வச்சுக்கும், யாரோ அந்த செல்ல ஜெனரலா மாத்தியிருக்காங்க. 1899 டிசம்பர் 30ல இருந்து அத்தன நாள கூட்டுனா தேதி வந்துரும். 1900 ஜனவரி 1 தான் எக்செல்லுக்கு 1ஆம் நாள், அப்ப டிசம்பர் 31ல இருந்து தான எண்ணணும், ஏன் 30ன்னா, 1900ல பிப்ரவரி 29 இருந்துச்சுன்னு எக்செல் நம்புது, அந்தக் காலத்து லோட்டஸ் 1-2-3 பண்ண தப்போட ஒத்துப் போகணும்னு வேணும்னே விட்டு வச்சது.

இனி தமிழ். டிபீவர்ல என்கோடிங் யூடிஎஃப்-8 வச்சா தமிழ் அழகா வருது, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஃபைல் தான் யூடிஎஃப்-8ல இருக்கணும், எக்செல்ல வெறும் சிஎஸ்வின்னு சேவ் பண்ணா தமிழ் எல்லாம் கேள்விக்குறியா போயிடும், "சிஎஸ்வி யூடிஎஃப்-8"ன்னு தனியா ஒண்ணு இருக்கு, அத எடுக்கணும். இது எல்லாருக்கும் தெரிஞ்சது. நான் மாட்டுனது பாமினில. வருசா வருசம் பார்ட்டிங்களுக்கு சிவகாசி காலண்டர் அனுப்ப ஒரு முகவரி லிஸ்ட்டு, எப்பவோ ஒரு டிடிபி சென்டர்ல அடிச்சது, பாமினி ஃபாண்ட்ல. திரைல அச்சு அசலா தமிழ். உள்ள அத்தனையும் ஆங்கில எழுத்தும் நிறுத்தக் குறியும். பாமினில புள்ளிக்கு அரைப்புள்ளி கீய அடிக்கணும், இ-க்கு கமாவ அடிக்கணும், இது பழைய டைப்பிங் ஆளுங்களுக்குத் தெரியும். இப்ப யோசிச்சுப் பாருங்க. முந்தின ஃபைலுக்கு வச்சிருந்த அரைப்புள்ளி பிரிப்பான நான் மாத்தாம விட்டுட்டேன், ப்ரிவ்யூல பாத்தா கண்ணன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தடவை வெட்டுப்பட்டு மூணு காலமா கிடக்குறாரு. கமாவுக்கு மாத்துனா மேற்கோள் குறி இருக்குற புண்ணியத்துல இளங்கோ தப்பிச்சாரு, மேற்கோள் இல்லாத ஃபைலா இருந்தா அவரு பேரோட முதல் எழுத்தே பிரிப்பான் ஆகியிருக்கும். ப்ரிவ்யூ பக்கத்துக்கு நான் கை எடுத்துக் கும்பிட்டது அன்னைக்கு தான். பாமினிய யூனிகோடுக்கு மாத்துறத டேபிள்ல ஏத்துறதுக்கு முன்னாடியே கன்வெர்ட்டர்ல போட்டு முடிச்சிருங்க, அதுவும் பேரு முகவரி காலத்த மட்டும், மொத்த ஷீட்டையும் போட்டா ஜிஎஸ்டி நம்பர்ல இருக்குற ஆங்கில எழுத்தெல்லாம் தமிழாயிடும்.

பேரோட நீளத்துல இன்னொரு அடி. கிருஷ்ணமூர்த்தின்னா நம்ம எண்ணிக்கைல எட்டு எழுத்து, மைஎஸ்க்யூஎல் எண்ணிக்கைல 15, ஏன்னா கொம்பு, கால், புள்ளி ஒவ்வொண்ணும் அதுக்குத் தனி எழுத்து. நான் பார்ட்டி பேருக்கு வார்கேர் 30 வச்சிருந்தேன், ஆங்கிலப் பேருக்கு தாராளம். "கிருஷ்ணமூர்த்தி ஜெனரல் ஸ்டோர்ஸ்" எண்ணிப் பாத்தா 31. அந்த முதல் லோட் டேட்டால கடைசிப் புள்ளி மட்டும் கழண்டு "ஸ்டோர்ஸ"ன்னு ஏறியிருந்துச்சு, பாக்கிக் கலவரத்துல அத யாரும் கவனிக்கல, பில்லு ப்ரிண்ட் ஆனப்ப கிருஷ்ணமூர்த்தி அண்ணனே பாத்துட்டுச் சொன்னாரு. தமிழ்ப் பேருக்கு 100க்கு கீழ வைக்காதீங்க.

குறைன்னு பாத்தா, டிபீவர் ஜாவால எழுதுனது, 4 ஜிபி ராம் வச்ச கடை கம்ப்யூட்டர்ல திறக்குறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிரலாம். முதல் தடவை ஒரு டேட்டாபேஸோட சேக்குறப்ப அதுக்கான ட்ரைவர நெட்ல இருந்து இறக்கும், குடோன்ல சிக்னல் இல்லாம நின்னுட்டு ஹாட்ஸ்பாட்ட தலைக்கு மேல தூக்கிப் பிடிச்ச அனுபவம் எனக்கு இருக்கு, வீட்லயே இறக்கி வச்சுட்டுப் போங்க. வேகத்துல லோட் டேட்டாவ அடிச்சுக்க முடியாது, இன்சர்ட்ட விட வழக்கமா 20 மடங்கு வேகம்னு மைஎஸ்க்யூஎல் டாக்குமெண்டேசனே சொல்லுது. பத்தாயிரம் வரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது, பல லட்சம் வரி, சர்வர் வெளியூர்லன்னா விசார்ட் வேணாம், கமாண்டே போடுங்க, ஆனா திண்ணை டேபிளுக்கு. பிரவுசர்ல இருந்தே மைஎஸ்க்யூஎல்ல கையாளுற பிஎச்பிமைஅட்மின் வச்சிருக்குறவங்க பிஎச்பியோட டிஃபால்ட் அப்லோட் அளவு 2 எம்பி தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

அந்த ஒரு மார்க்க நான் குறைச்சது எதுக்குன்னா, ஏத்துறப்ப ஒரு வரில எர்ரர் வந்தா வர்ற பெட்டில எல்லாத்தையும் ஸ்கிப் பண்ற பட்டன் ரொம்ப கைக்கு எட்டுற மாதிரி இருக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு, நாப்பதாவது எர்ரர்ல, விரல் தானா அங்க போகும். அமுக்குனா மிச்சம் எல்லாம் சத்தமில்லாம ஏறும், ஏறாதது சத்தமில்லாம கீழ விழும். அப்புறம் எது விழுந்துச்சுன்னு தேடுறது உங்க பாடு. ஏத்தி முடிச்ச உடனே ஷீட்டுல எத்தன வரி, டேபிள்ல கவுண்ட் எத்தன, ஷீட்டுல பாக்கிக் கூட்டுத் தொகை எவ்வளவு, டேபிள்ல சம் எவ்வளவு, இந்த நாலையும் ஒரு பேப்பர்ல எழுதி ஒப்பிட்டுருவேன். 2020ல இங்கிலாந்துல கொரோனா பாசிட்டிவ் கேஸ் கிட்டத்தட்ட 16,000 கணக்குல வராம விட்டுப் போச்சு, பழைய எக்ஸ்எல்எஸ் ஃபார்மட்ல 65,536 வரிக்கு மேல இடம் இல்லாம மிச்சம் வெட்டுப்பட்டுருச்சு. அரசாங்கத்துக்கே அந்தக் கதின்னா மளிகைக் கடை எம்மாத்திரம்.

இப்ப அண்ணாச்சி கடைல பாக்கி கணக்கு சரியா ஓடுது. சாத்தூர் பார்ட்டி 1,25,000ல பாதிய கட்டிட்டாரு, அந்த 1 ரூபா கதைய அவர்கிட்ட யாரோ சொல்லி, ஒரு ரூபா காயின கல்லாப்பெட்டி மேல வச்சுட்டு "கணக்கு தீந்துச்சா அண்ணாச்சி"ன்னு கேட்டாராம்.

ஒண்ணு மட்டும் பாக்கி. ஷீட்டுல சில வரிக்கு சிவப்பு, சில வரிக்கு மஞ்சள் அடிச்சிருந்தாங்க. கலரு சிஎஸ்விக்குள்ள போகாது, போகாதுன்னு எனக்குத் தெரியும், ஆனா அந்தக் கலருல தான் முக்கியமான விசயமே இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல. எல்லாம் ஏத்தி முடிச்சதுக்கு அப்புறம் அண்ணாச்சி திரையப் பாத்துட்டு "சிவப்பு எங்க தம்பி"ங்கிறாரு. திரும்ப எக்செல்ல கலர் வச்சு ஃபில்டர் போட்டு, பக்கத்துல ஒரு காலம் சேத்து, "கடன் கூடாது"ன்னு எழுதி, மறுபடி திண்ணைல ஏத்தி, பில் நம்பர வச்சு அப்டேட் பண்ணேன். மஞ்சள் எதுக்குன்னு கேட்டேன். அண்ணாச்சிக்கு ஞாபகம் இல்ல, கணக்கப்பிள்ளைக்கும் ஞாபகம் இல்ல, பையன் நான் அடிக்கலங்கிறான். மொத்தம் 43 வரி. டேபிள்ல "மஞ்சள்"னு எழுதி அப்படியே ஏத்தி வச்சிருக்கேன்.